குளிர்வண்டி கேட்ட கூடுதல் கேள்வி

தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கிற அவளுக்கு அலுவலகத்தில் ‘சிவப்புக்கோடு’ என்று பெயர். அவள் எழுதும் கணினி நிரலில் பொருந்தாத இடம் ஏதாவது இருந்தால் திரை அதன் அடியில் சிவப்பாகக் கோடு போட்டுக் காட்டும். அது மறையும்வரை அவள் நாற்காலியை விட்டு எழமாட்டாள். கீழ்த்தளத்தில் வாடிக்கையாளர்களிடம் போனில் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தவள், நிரல் எழுதத் தானே கற்றுக்கொண்டு மாடிக்கு வந்தாள்.

மாடியில் அவளோடு இருப்பவர், வயதில் மூத்த ‘வாத்தியார்’. இருவரும் ஒரு கூரியர் நிறுவனத்துக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தார்கள். அன்று பிற்பகல் அதன் முதலாளியம்மா பார்க்க வருகிறார். பிடித்தால் ஒப்பந்தம். பிடிக்காவிட்டால் குழு கலைந்துவிடும். அவள் மறுபடி கீழே போய் போனைக் காதில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மென்பொருளில் ‘வண்டி’ என்றொரு தாய் வகுப்பு, அதாவது எல்லா வண்டிகளுக்கும் பொதுவான அச்சு. ‘ஏற்று’ என்று ஒரு பொதியைக் கொடுத்தால் ஏற்றிக்கொள்ளும். சைக்கிள், வேன் எல்லாம் அதன் பிள்ளைகள். காலையில் வாத்தியார் குளிர்வண்டியைப் புதிதாகச் சேர்த்திருந்தார். அது மட்டும் பொதியோடு, ‘எத்தனை டிகிரி?’ என்றும் கேட்டது. கோடு விழுந்தது. ‘கண்டுகொள்ளாதே’ என்று பக்கத்தில் ஒரு குறிப்பை எழுதி அதன் வாயை அடைத்துவிட்டார்.

“அண்ணே, என்ன இது?”

“ஓடுது பாரும்மா. டிகிரி குடுத்து ஓட்டிப் பார்த்துட்டேன்.”

“குளிர்வண்டின்னு தெரிஞ்சு நீங்க குடுத்தீங்க. பொதியைப் பிரிச்சு அனுப்புற இடத்துக்கு எல்லாமே வெறும் வண்டிதான். அது பொதியை மட்டும்தான் நீட்டும். அங்கயே படுத்துடும்.”

“அந்தம்மா வர்ற நேரத்துல இதைக் கிளறுறியே!”

முணுமுணுத்துக்கொண்டே டிகிரியை எடுத்துவிட்டு, குளிர்வண்டியில் போவது மருந்துதானே என்று ‘பொதி’ என்றிருந்த வகையை ‘மருந்துப் பொதி’ என்று மாற்றினார். மறுபடியும் கோடு.

“இப்ப என்னவாம் அதுக்கு?”

“‘வண்டி’ அம்மா எல்லாப் பொதியும் வாங்கிக்கிறா. பொண்ணு மட்டும் மருந்தைத் தவிர எதையும் தொடமாட்டேன்னா எப்படி?”

“உன் மாமியாரும் இப்படித்தான் கோடு போடுவாங்களா?”

“கோடெல்லாம் இல்லண்ணே. நேரா திட்டுதான்.”

வாத்தியார் சிரித்துவிட்டார். தண்ணீர் எடுக்கப் போய் ஃபிரிட்ஜைத் திறந்த அவள், திறந்தபடியே நின்றாள்.

“அண்ணே, இதுல ஒவ்வொரு பாட்டில் வைக்கும்போதும் டிகிரி சொல்றோமா?”

“வாங்கின அன்னிக்குத் திருப்பி வெச்சதோட சரி.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே நெற்றியில் அடித்துக்கொண்டார். “அட! வண்டியை உருவாக்கும்போதே டிகிரியைக் கேட்டுட்டா?”

“ஏத்தும்போது பொதி மட்டும் போதும்.”

மாற்றினார்கள். எந்தப் பொதியானாலும் சரி என்றது குளிர்வண்டி. வாயடைத்த குறிப்பை அவள் அழித்தாள். கோடு வரவில்லை.

முதலாளியம்மா வந்தார். உட்காரக்கூட இல்லை.

“எந்த வண்டி காலியோ அதுல போட்டுக் காட்டுங்க.”

மென்பொருள் தானாகவே குளிர்வண்டியைப் பிடித்தது. பொதி ஏறியது.

“பரவாயில்லையே! அடுத்து படகும் வாங்கப்போறோம். அதையும் சேர்த்துடுவீங்களா?”

வெளியாள் முன்னால் வாயே திறக்காதவள் முந்திக்கொண்டாள். “சேர்த்துடலாம்மா. வண்டி ஏத்துற எல்லாத்தையும் அதுவும் ஏத்தும். அதுக்குத் தனியா என்ன வேணுமோ, செய்யும்போதே கேட்டுக்கறோம்.”

“எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா நீ தெளிவா சொல்றே,” என்றார் அந்த அம்மா, கையெழுத்துப் போட இடம் தேடியபடி.