படிக்கட்டுக்கு அடியில் ஒரு பெட்டி

ஊறுகாய் ஜாடியிலிருந்து ஒரு ரப்பர் பேண்டை எடுத்து இழுத்துப் பார்க்கிறார் மிஸ் நெட்டி. அது அறுந்துபோகிறது. இரண்டு முனைகளையும் முடிச்சுப் போட்டு மறுபடியும் ஜாடியிலேயே போடுகிறார். "இன்னும் உழைக்கும்" என்கிறார், யாரும் கேட்காமலே.

கிழக்கு டெக்சாஸின் ஒரு சிறிய நீதிமன்றக் கட்டடத்தில், கீழ்த்தளம் முழுக்க அவர் பொறுப்பு. முடிந்துபோன வழக்குகளின் தடயப் பொருள்கள் அங்கேதான் இருக்கின்றன. முப்பத்தொரு வருடமாக அவற்றோடு தன் மை தீர்ந்த பேனாக்களையும் ஒற்றைக் கையுறைகளையும் காத்துவருகிறார். போன வருஷத்துக் காலண்டர் எதற்கு, தேதி திரும்பி வருமா என்று மாடியிலிருக்கும் கிளார்க் க்ளைட் கேலி செய்வார். நெட்டி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு."

டிசம்பர்தோறும் பழைய தடயங்களை எரிக்க உத்தரவு வரும். லாரி வருவதற்கு முன்பே பட்டியல் முழுக்க 'அழிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். எழுத்துவேலை முடிந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். ஏற்றும்போதுதான் மனசு வராது. ஒரு வருடம், கிறிஸ்துமஸ் விளக்குச் சரங்கள் வைக்க ஆகும் என்று, கெட்டியான அட்டைப்பெட்டி ஒன்றை உள்ளே இருந்ததோடு சேர்த்துப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளினார். அப்புறம் மறந்தும்போனார்.

நேற்று மரிசோல் என்ற இளம் வக்கீல் வந்தார். அவருடைய கட்சிக்காரர் டெரல் கேட்ஸ் இருபத்தாறு வருடமாகச் சிறையில் இருக்கிறார். கொலை செய்தது தான் இல்லை என்கிறார். கொன்றவன் விட்டுப்போன சட்டையை டி.என்.ஏ. சோதனை செய்யச் சொல்லி இரண்டு முறை மனுப் போட்டார். சட்டையே இல்லை என்ற நெட்டியின் கடிதத்தால் இரண்டும் தள்ளுபடி ஆயின. பதிவேட்டைப் பார்த்து எழுதிய கடிதங்கள் அவை.

"பதிவேடு வேண்டாம், மிஸ் நெட்டி. ஒரு தடவை தேடிப் பாருங்களேன்."

இத்தனை வருடத்தில் எல்லோரும் கடிதம்தான் கேட்டார்கள். தேடச் சொன்னவர் யாரும் இல்லை. நெட்டி முணுமுணுத்துக்கொண்டே டார்ச்சோடு போனார். கடைசியாகப் படிக்கட்டுக்கு அடியில் குனிந்தார். அங்கிருந்த பெட்டி மேல் டெரல் கேட்ஸின் வழக்கு எண். உள்ளே 'சட்டை' என்று எழுதிய காகிதப் பை, முத்திரை உடையவில்லை.

மார்ச்சில் அவருக்கு ஓய்வு. பிரிவு விருந்துக்கு க்ளைட் பீக்கன் பருப்பு போட்ட இனிப்புகூடச் சொல்லிவைத்துவிட்டார். பெட்டியைக் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினால் போதும், யாருக்கும் தெரியாது. வெகுநேரம் அவர் வெளியே வரவில்லை.

வந்தபோது தலையெல்லாம் ஒட்டடை. பெட்டியை மேஜைமேல் வைத்தார்.

"எரிச்சுட்டேன்னு நான் எழுதிக் குடுத்தது பொய், கண்ணு."

மரிசோல் பெட்டி மேலிருந்த எண்ணைப் படித்துப் பார்த்தார். "இதை ஏன் வச்சிருந்தீங்க?"

"பெட்டி நல்லாயிருந்துச்சு."

இதை நீதிபதியிடம் சொல்லியாக வேண்டும், நெட்டியின் பெயரையும் போட்டாக வேண்டும் என்று மரிசோல் தயங்கித் தயங்கிச் சொன்னார். நெட்டி தன் உடையில் குத்தியிருந்த அடையாள அட்டையைக் கழற்றினார். அதிலிருந்த பெயர் மரிசோலுக்கு நேராகத் தெரியும்படி திருப்பிப் பெட்டி மேல் வைத்தார்.