சன்னம் உள்ள முயல்

வரதராஜாவுக்குத் துவக்குச் சுடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் 1976இல் கிளேட்டனில் குடியேறியிருந்த எங்கள் ஆட்களுக்குள் அவரைப் பற்றி ஓடிய கதை வேறு. மனுசி படுக்கையில் கிடக்க, இவர் சனிக்கிழமை தவறாமல் வெள்ளைக்காரரோடு வேட்டைக்குப் போகிறார், இந்த வயதில் விளையாட்டுக் கேட்கிறது என்று பேசினார்கள். பேசியவர்களில் ஒருவராவது அந்த வீட்டுக்கு ஒருநேரச் சோறு கொண்டுபோய்க் கொடுத்ததில்லை. வரதர் பிறகு எனக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவருடைய மனைவி யோகாவுக்கு வயிற்றில் புற்றுநோய். டொக்டர்மார் வெட்டிப் பார்த்துவிட்டு அப்படியே தைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கஞ்சி, சூப் எதுவும் இறங்கவில்லை. ஒருநாள் அவளே வாய் திறந்து, முயல் கறி தின்ன வேண்டும்போல் இருக்கிறது என்றாள். வரதர் ஓடிப்போய் இறைச்சிக்கடையில் ஒரு முயல் வாங்கிவந்து சமைத்தார். அவள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

"இது கடை முயல். சன்னம் ஒண்டும் இல்லை."

யோகாவின் தகப்பன் ஊரிலே, ஒட்டுசுட்டானில், வேட்டைக்காரர். குழல் வாய்வழியாக வெடிமருந்தையும் சன்னம் என்கிற சின்ன ஈயக் குண்டுகளையும் போட்டு இடிக்கிற இடியன் துவக்கு அவருடையது. வீட்டில் முயல் கறி என்றால் பிள்ளைகள் பல்லில் அகப்படுகிற ஈயச் சன்னங்களைத் தட்டின் ஓரத்தில் சேர்ப்பார்களாம்.

"எலும்பிலை பட்டு நசிஞ்சு சப்பையாப் போயிருக்கும். ஆரிட்டைக் கூட எண்டு எண்ணிப் பாப்பம்," என்று சொல்லி அவள் சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். மனுசன் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டார்.

அவர் வேலைக்குப் போய்க் கட்டடப் படம் கீறுகிற கந்தோரில் லெஸ் என்று ஒருவன் இருந்தான். வாத்துச் சுடும் காலம் முடிந்தால் சும்மா இருக்கத் தெரியாத கூட்டம் ஒன்று அவனுக்கு உண்டு. பாட்டன் காலத்து இடியன்களைத் தூக்கிக்கொண்டு பண்ணை வெளிகளில் முயல் சுடப் போவார்கள். முயல் சுட என்பது பேச்சுக்கு. மருந்து அளந்து, கடதாசி திணித்து, சன்னம் கொட்டி, கோலால் இடித்து முடிப்பதற்குள் முயல் வேலிக்கு அப்பால் போய்விடும். பிறகு ஒரு பெரிய சத்தம், ஊரை மூடுகிற புகை. புகை கலைந்ததும் எல்லாரும் குனிந்து செத்த முயலைத் தேடுவதுபோல் நடித்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நல்ல சனங்கள். வரதருக்குத் துவக்கு ஒன்றை இரவல் கொடுத்து, பியரும் கொடுத்து, "இன்றைக்கும் மரத்துக்குத்தான் காயம்" என்று முதுகில் தட்டினார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டு நிலைமையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாராவது நல்ல துவக்கால் ஒன்றை விழுத்திக் கொடுத்திருப்பான். உதவி கேட்பதென்றால் எங்கள் ஆட்களுக்கு உயிர் போகும்.

சனிக்கிழமைகளில் பக்கத்து வீட்டு நாகலட்சுமி அன்ரியை யோகாவோடு இருத்திவிட்டுக் காலையில் போவார். பின்னேரம் வெறுங்கையோடு திரும்புவார். யோகா வாசலைப் பார்ப்பாள். அவள் தலையணையில் இருந்து எழும்புவதும் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டு வந்தது.

ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை, மழை விட்ட நேரம், புல்லுக்குள் ஒரு முயல் இருந்தது. வரதர் துவக்கை நிரப்பினார். முயல் ஓடவில்லை. குறி பார்த்தார். அப்போதும் ஓடவில்லை. வெடி வைத்தார், விழுந்தது. சந்தோசத்தில் கத்திக்கொண்டு ஓடிப்போய்க் காதைப் பிடித்துத் தூக்கினார். பின்னால் வந்த லெஸ் சிரிக்கவில்லை.

முயலின் இரண்டு கண்ணும் வீங்கி மூடிச் சீழ் கட்டியிருந்தன. முயல்களை ஒழிக்க இந்த நாட்டில் பரப்பிவிட்ட நோய். அது அவர் வருவதையே காணவில்லை.

"வீட்டுக்குக் கொண்டுபோகாதே. நாங்கள் புதைத்துவிடுகிறோம்," என்றான் லெஸ்.

வரதர் தானே குழி தோண்டிப் புதைத்தார். அந்த மனுசனுக்கு அகப்பட்ட ஒரே முயல் அதுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கந்தோர் விட்டு வரும்போது அவர் இறைச்சிக்கடையில் மறுபடி ஒரு முயல் வாங்கி, ஐஸ் பெட்டிக்குள் போட்டுக் காரில் ஒளித்து வைத்தார். மறுநாள் வழக்கம்போல் போனார், வந்தார். குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, லெஸ் கொடுத்த சன்னப் பையில் இருந்து கொஞ்சம் எடுத்துத் தொடை இறைச்சிக்குள் விரலால் அமுக்கினார். பிறகு தூள் போட்டுக் கறி வைத்தார்.

"யோகா, இஞ்சை பார். இண்டைக்கு விழுந்திட்டுது."

அவளைத் தலையணையில் சாய்த்து இருத்தி ஊட்டினார். இரண்டாவது வாயில் அவளுடைய நாக்கு எதையோ தேடி நின்றது. இரண்டு விரலால் வெளியே எடுத்து, யன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அவர் அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தார்.

"நீங்கள் சுட்டதோ?"

"ஓம். ஓடேக்கை சுட்டனான்."

அவள் சன்னத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "நல்ல வெடி," என்றாள். இன்னொரு வாய் வாங்கி மிகவும் கஷ்டப்பட்டு விழுங்கினாள். பிறகு போதும் என்று கையைக் காட்டினாள்.

"இஞ்சாருங்கோ, இனிச் சனிக்கிழமையளிலை போகாதேங்கோ. அதுதான் முயல் கிடைச்சிட்டுதே. என்னோடை இருங்கோ."

குசினியில் தட்டைக் கழுவப் போனபோதுதான் வரதர் அந்தச் சன்னத்தைக் கையில் எடுத்தார். கடுகுபோல் உருண்டையாக இருந்தது. சப்பை இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. வேட்டைக்காரனின் மகள் அதை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் நல்ல வெடி என்று சொல்லியிருக்கிறாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதார்.

அடுத்த சனிக்கிழமை அவர் எங்கும் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, காலையில் இருந்து பொழுதுபடும்வரை அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அதற்கு முந்தின புதன்கிழமையே அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. அவர் இருந்தது அவளுக்குத் தெரியாது.