ராகு காலத்தில் பறக்காத விமானங்கள்

தரையில் நிற்கும் விமானத்துக்குச் செலவே கிடையாது என்று நம்பியிருந்தவன் நான்.

சிரிக்காதீர்கள். என் ஸ்கூட்டர் மாதக் கணக்கில் வாசலில் நிற்கிறது. என்றைக்காவது என்னிடம் ஏதாவது கேட்டிருக்கிறதா? ஓட்டினால்தான் பெட்ரோல், பஞ்சர், போலீஸ். நிறுத்தி வைத்தால் நிம்மதி. விமானம் மட்டும் என்ன வேறு ரகமா?

விஷயம் என்னவென்றால், நான் இப்போது ஒரு விமானக் கம்பெனி முதலாளி. கம்ப்யூட்டரில்தான்! தஞ்சாவூரில் இருக்கும் என் சகலை பாஸ்கர், அதாவது மனைவியின் தங்கை கணவர், பிடித்து இழுத்துவிட்ட விளையாட்டு இது. ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு முதல். வாடகைக்கு விமானம் எடுக்க வேண்டும். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, என்ன கட்டணம் என்று நாமே முடிவு செய்ய வேண்டும். நமக்கு ஒரு நாள் கழிந்தால் அங்கே ஒரு வாரம் கழியும்.

கம்பெனிக்குப் பெயர் கேட்டது. பயபக்தியுள்ள கணவன் என்ன செய்வான்? 'மைதிலி ஏர்' என்று மனைவியின் பெயரைத் தட்டினேன். அவளிடம் மூச்சு விடவில்லை. லாபம் வந்ததும் கல்யாண நாளன்று திரையைத் திருப்பிக் காட்டி அசத்திவிடலாம் என்பது திட்டம்.

அதன் பிறகுதான் விதிமுறைகளைப் படித்தேன். (நீங்கள் முன்பே படியுங்கள். இது முதல் அறிவுரை.) கம்பெனி திவாலானால் அந்தச் செய்தி பெயரோடு எல்லாப் போட்டியாளர்களுக்கும் போகுமாம். எங்கள் குடும்பத்தில் ஒன்பது பேர் விளையாடுகிறார்கள். ஒன்பதில் எட்டுப் பேர் மனைவி வழிச் சொந்தம். 'மைதிலி திவால்' என்று எட்டு வீட்டு ஃபோனிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தால்... அதற்குப் பிறகு எனக்கு இந்த வீட்டில் காபி கிடைக்குமா?

சரி, ஜாக்கிரதையாக நடத்துவோம் என்று முடிவு செய்தேன். ஜாக்கிரதையாக நான் செய்த காரியங்களைக் கேளுங்கள்.

திருச்சி ஏர்போர்ட்டை எப்போது கடந்தாலும் கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகளும் வழியனுப்ப வந்த வேன்களுமாகக் கூட்டம் அலைமோதுகிறது இல்லையா? அதை நம்பி முந்நூறு சீட் விமானம் ஒன்றை எடுத்து சிங்கப்பூருக்கு விட்டேன். எனக்கு முன்பே அதே கூட்டத்தைப் பார்த்த ஐந்து பேர் அங்கே பறந்துகொண்டிருந்தார்கள். என் விமானத்தில் சீட்டுக்கு ஒருவர் என்றில்லை, வரிசைக்கு ஒருவர் உட்கார்ந்து போனார்கள். அபராதம் கட்டி அதைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆகவே புதியவர்களே - பெரிய விமானம் வேண்டாம். எழுபது சீட் விமானம் மூன்று போதும். மூன்றும் ஒரே ரகமாக இருக்கட்டும். ரகத்துக்கு ஒரு பைலட், ரகத்துக்கு ஒரு மெக்கானிக் என்று சம்பளம் கொடுத்தால் தாங்காது. இந்த அளவுக்கு நானே தேறிவிட்டேன். திருச்சியிலிருந்து சென்னை, பெங்களூரு, ஹைதராபாத். பிரமாதம்.

பிறகு நேர அட்டவணை போட உட்கார்ந்தேன். அங்கேதான் சனியன் பிடித்தது. சனியன் அல்ல... ராகு.

எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் கம்பெனியில் இருப்பது மைதிலியின் பெயர். அவளோ ராகு காலம் முடியும்வரை புது ஃப்ரிட்ஜை வாசலிலேயே நிற்க வைத்தவள். நாளைக்கு விஷயம் தெரிந்தால், 'என் பேரை வெச்சிட்டு ராகு காலத்துலயா பறக்க விட்டீங்க?' என்று கேட்க மாட்டாளா? எதற்கு வம்பு? சுவரில் இருந்த தேதி காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஏழு நாளுக்கும் ராகு காலத்தில் எந்த விமானமும் கிளம்பாதபடி அட்டவணை போட்டேன். அதோடு விட்டேனா? பக்கத்திலேயே எமகண்டம் அச்சிட்டிருந்தது. எமன் பெயரைப் பார்த்த பிறகு எந்த மனுஷன் விமானத்தைக் கிளப்புவான்? அதையும் சேர்த்துக்கொண்டேன்.

ஆக, தினமும் மூன்று மணி நேரம் என் மூன்று விமானங்களும் கிளம்பாமல் நின்றன. நின்றால் செலவில்லையே! நிம்மதியாக இருந்தேன். மிச்ச நேரத்தில் கூட்டம் வரட்டும் என்று கட்டணத்தையும் குறைத்தேன். கூட்டம் வந்தது. லாபம்தான் வரவில்லை.

சகலை மட்டும் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "என்ன சகலை, உங்க ஃப்ளைட்டெல்லாம் பாதி நேரம் நின்னுக்கிட்டே இருக்கு? கல்யாண மண்டபமா வாடகைக்கு விட்டுட்டீங்களா?" பொறாமை என்று நினைத்து அழித்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்ரீரங்கத்தில் நான் வழக்கமாகப் போகும் சலூன். ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது, மறு கன்னத்தில் நுரை. மடியில் ஃபோன் அதிர்ந்தது. சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை: 'மைதிலி ஏர் ஆபத்தான நிலையில் உள்ளது. நான்கு வாரங்களில் நிலை சீராகாவிட்டால் நிறுவனம் கலைக்கப்படும்.'

அங்கே நாலு வாரம் என்றால் நமக்கு நாலே நாள். வியாழக்கிழமை!

என்னை அறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "ஐயோ, மைதிலி வியாழக்கிழமைகூடத் தாங்க மாட்டா போலிருக்கே."

கத்தி என் தொண்டைக்கு அருகே அப்படியே நின்றது. சலூன்காரர் ரேடியோவை அணைத்தார். "எந்த ஆஸ்பத்திரி சார்?" என்றார் மெதுவாக. ஆஸ்பத்திரி இல்லைங்க, கம்பெனி, மூணு விமானம், ராகு காலம் என்று நான் நுரை தெறிக்க விளக்கியதில், அதிர்ச்சியில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். ஒருவர் சோடா வாங்கி வந்தார். ஒருவர் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினார். சோடாவைக் குடித்துவிட்டேன். வேறென்ன செய்ய?

இதற்குள் எங்கள் தெருவில் குடியிருக்கும் பழனிவேல், அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், நல்ல மனதோடு எங்கள் வீட்டு நம்பருக்கே ஃபோன் போட்டிருக்கிறார். மைதிலி மேடத்துக்கு இப்ப எப்படிங்க இருக்கு, டாக்டர் என்ன சொல்றார் என்று விசாரித்திருக்கிறார். எதிர்முனையில், "நான் மைதிலிதாங்க பேசறேன். எனக்கு என்ன?" என்று பதில் வந்திருக்கிறது.

ஒரு கன்னத்தில் மட்டும் தாடியோடு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது ஹாலில் கம்ப்யூட்டர் திறந்திருந்தது. தங்கைக்கு ஃபோன் போட்டு, தங்கை புருஷனை உலுக்கி, முழுக் கதையையும் வாங்கியிருந்தாள். பெயர் வைத்ததற்காகச் சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவளோ நேர அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கட்கிழமை காலைல ஏழரைலேர்ந்து ஒன்பது வரைக்கும் ஏன் காலியா இருக்கு?"

ராகு காலம் என்றேன், சற்றுப் பெருமையாக. உனக்காகத்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

நிமிர்ந்து என் ஒரு கன்னத்தைப் பார்த்தாள். பிறகு மறு கன்னத்தைப் பார்த்தாள்.

"ராகு காலம் பாக்கறது ஒரு காரியத்த ஆரம்பிக்கறதுக்குங்க. தினம் ஓடறதுக்கு யாராவது பாப்பாங்களா? அந்த நேரத்துலதான் நான் ஒண்ணாம் நம்பர் பஸ்ல நின்னுக்கிட்டே வேலைக்குப் போறேன். டிரைவர் என்ன காவேரிப் பாலத்துல வண்டிய நிறுத்திட்டு ஒன்பது மணி ஆகட்டும்னு உட்காந்திருக்காரா?"

நிற்கிற விமானத்துக்குச் செலவில்லையே என்று என் கடைசி அஸ்திரத்தை எடுத்து விட்டேன்.

மைதிலி வேலை பார்ப்பது தில்லைநகரில் ஒரு ஸ்கேன் சென்டரில். யாருக்கு எத்தனை மணிக்கு ஸ்கேன் என்று நேரம் ஒதுக்குவது அவள்தான். "எங்க மெஷினும் வாடகை மெஷின்தான். அதுல ஆள் படுத்தாலும் வாடகை, படுக்காட்டியும் வாடகை. ஒரு மணி நேரம் சும்மா கிடந்தா எங்க ஓனர் வாசல்ல வந்து நின்னுடுவார்," என்றாள். "நகருங்க."

நகர்ந்தேன்.

அவள் செய்ததை அப்படியே எழுதுகிறேன். லாபமாக நடத்த நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் ராகு காலம், எமகண்டம் எல்லாவற்றையும் விமானத்தால் நிரப்பினாள். இறங்கிய விமானம் அரை மணியில் மறுபடி கிளம்ப வேண்டும் என்றாள். திங்கள் காலைக் கட்டணத்தை ஏற்றினாள். அந்த நேரத்தில் போகிறவர்கள் ஆபீஸ் செலவில் போகிறவர்கள், அவர்களுக்கு எதற்குத் தள்ளுபடி? புதன்கிழமை மத்தியானம் யாரும் அவசரமாக எங்கும் போவதில்லை, அங்கே கட்டணத்தைக் குறைத்தாள். ஹைதராபாத் விமானம் பாதி காலியாகப் பறப்பதைக் கண்டு அதை எடுத்து, சென்னைக்கே இன்னொரு நடை விட்டாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான் மூன்று வாரம் காலண்டரும் கையுமாக உட்கார்ந்து போட்ட அட்டவணை!

அன்று மத்தியானம் விளையாட்டில் திங்கட்கிழமை பிறந்தது. ஏழே முக்கால் சென்னை விமானம் ஓடுபாதையில் நகர ஆரம்பித்தது. நம்பிக்கை கிடையாது என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா? அதே நான்தான் பூஜை அறைப் பக்கம் இரண்டு தடவை பார்த்தேன். மைதிலி அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். எழுபது சீட்டும் நிறைந்து, முழுக் கட்டணத்தில், எட்டே முக்காலுக்கு அது சென்னையில் இறங்கியது.

திங்கள், செவ்வாய், புதன்... மணிக்கு ஒரு தடவை திரையைப் பார்த்தேன். ஆபீஸில் ஒரு ஃபைலை இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவையும் அதே இடத்தில் வைத்தேன். சகலையிடமிருந்து மெசேஜ் எதுவும் வரவில்லை. அவர் அமைதி என்னை இன்னும் பயமுறுத்தியது.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்தச் சிவப்பு எழுத்து மறைந்தது. மைதிலி ஏர் திவாலாகவில்லை. சிறிய லாபத்தில் இன்றும் பறந்துகொண்டிருக்கிறது.

பாஸ்வேர்டை அவள் மாற்றிவிட்டாள்.