சூடேறினால் ஏறும் சுரம்

மாடிப்படியில் என்னைக் கண்டால் கீழ்வீட்டு சிஞ்ஞோரா கார்லா முதலில் கேட்பது என் சுகத்தை அல்ல. "சூடாகிவிட்டதா?" என்றுதான் கேட்பார். என் அறைச் சுவரில் இருக்கும் மெசினைப் பற்றிய விசாரணை அது. குளிரில் அது சூடேறும்வரை சுரம் நிலைக்காது என்று ஒருநாள் அவருக்குச் சொல்லியிருந்தேன். ஊரில் மூன்று வீட்டு ரேடியோக்கள் ஒரே நேரத்தில் மூன்று பாட்டுப் பாடினாலும் ஒருவரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். இத்தாலியில் அடுத்த வீட்டுக் கதிரை நகர்ந்தாலே அது ஒரு விவகாரம். அதனால்தான் என் மெசினின் அடித்தொண்டைச் சத்தம் முதன்முதலில் தரை வழியே இறங்கியபோது, சிஞ்ஞோரா தன் வீட்டுக் கால்தாயா, அதாவது வெந்நீர் தருகிற கொதிகலன், பழுதாகிவிட்டது என்று பயந்து குழாய்க்காரரைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று போய்விட்டார். நான் வேலையால் வந்து சுவிட்சைப் போட்டதும் சத்தம் திரும்பத் தொடங்கியது. இரண்டாம் முறை வந்த குழாய்க்காரர் படியில் என்னை மறித்து, "உங்கள் வீட்டிலும் ஏதாவது முனகுகிறதா?" என்று கேட்டார். எனக்கிருந்த இத்தாலிய மொழியில், "அது நான்தான்" என்றேன். அவர் மிகுந்த கவலையோடு என் வயிற்றைப் பார்த்தார்.

அந்த மெசினுக்கு மொடியூலர் சிந்தசைசர் என்று பெயர். சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள். ஓர்கனில் இருப்பதுபோல விரல் வைக்கக் கட்டைகள் கிடையாது. ஒரு பெட்டி சுரத்தை எழுப்பும், அது ஒசிலேட்டர். இன்னொன்று அதன் கூர்மையைச் சீவி மழுக்கும். மற்றொன்று அதை அலைய வைக்கும். எதை எதோடு சேர்ப்பது என்பதை நாமே வயர் குத்தித் தீர்மானிக்க வேண்டும். நான் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். பழைய சாமான் சந்தையில் ஒன்று, அலுத்துப்போய் விற்றவரிடம் ஒன்று, நானே ஈயம் வைத்து ஒட்டியது ஒன்று என்று இந்தச் சுவர் வளர்ந்தது. இலங்கையில் எங்கள் கரையிலிருந்து இத்தாலிக்கு வந்தவர்கள் ஊரில் மாடி வீடு கட்டினார்கள். நான் வாடகை வீட்டுக்குள் ஒரு சுவர் கட்டினேன். ஊரிலிருக்கும் என் மெற்றில்டா அக்கா அதை முதலில் வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு, "கரண்டு சபையில வேலை கிடைச்சிட்டா தம்பி?" என்று கேட்டாள்.

இந்தப் பைத்தியம் இங்கு வந்து பிடித்ததல்ல. குறிஞ்சிப்பிட்டிக்கு அப்பால் கடலைப் பார்த்திருக்கும் எங்கள் வீட்டில் அப்பாவின் ரேடியோ இருந்தது. கடலின் அந்தப் பக்கம் இந்தியா. அதனால் கொழும்பு நிலையமும் இந்திய நிலையமும் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வரும். இரண்டுக்கும் நடுவில் முள்ளை வைத்தால் ஒரு விசில் எழும். கொஞ்சம் திருப்பினால் ஏறும், கொஞ்சம் திருப்பினால் இறங்கி நடுங்கும். அப்பாவுக்குக் கடலில் தொழிலுக்குப் போகுமுன் காலநிலை கேட்க வேண்டும், எனக்கோ அந்த விசில்தான் வேண்டும். "ஒரு இடத்தில வை மகன்," என்று அப்பா வலையடியில் இருந்து கத்துவார். "நடுவுல வச்சா ஒண்டும் விளங்காது." இன்றைக்கும் ஒசிலேட்டரின் குமிழைத் திருப்பும்போது எனக்கு அந்தக் குரல் கேட்கும், சிரிப்பும் வரும்.

நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்களில், எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோவில் திருநாளுக்கு நான் போனேன். அக்காவுக்குக் காட்டவென்று சுவரிலிருந்து சில பெட்டிகளைக் கழற்றி, கைப்பெட்டிக்குள் அடங்கும் ஒரு குட்டி மெசினாக்கிக் கொண்டுபோனேன். அக்காதான் கோவில் பாடகர் குழுவை நடத்துகிறவள். வீட்டு வாசலில் அந்தக் குழு முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. கோவிலின் கீபோர்ட் உப்புக் காற்றில் செத்துவிட்டதாம். பக்கத்து ஊர்க் குழு தங்கள் வாத்தியங்களோடு வந்து பாடித் தருவதாகச் சொல்லியிருக்கிறது. அதற்கு அக்கா, "தேவையில்ல, என்ட தம்பி இத்தாலியில இருந்து ஓர்கன் கொண்டு வாறான்" என்று சுவாமியாரிடமே சொல்லிவிட்டாள். வீடியோவில் சுவர் முழுக்கப் பெட்டிகளைக் கண்டவள், கட்டைகள் கமராவுக்குள் விழவில்லை என்று நினைத்திருக்கிறாள்.

நான் பெட்டியைத் திறந்தேன். அக்கா குனிந்து, உள்ளே பார்த்து, பெட்டியின் அடிப்பக்கத்தையும் பார்த்தாள்.

"கட்டை எங்க?"

"இதுக்குக் கட்டை இல்ல அக்கா."

"அப்ப பாட்டு எப்பிடி வாசிக்கிறது?"

"வாசிக்க ஏலாது. இது ஒரு சுரத்தப் பிடிச்சுக்கொண்டு நிக்கும்."

"ஒண்டே ஒண்டா?"

"ஓம்."

அக்காவின் முகம் செத்துவிட்டது. பக்கத்து ஊர்க் குழுவை வேண்டாமென்று சொன்ன வாய் அது. இனி அதே வாயால் போய்க் கெஞ்ச வேண்டும். மீன் ஏற்றும் லொறி ஓட்டுகிற அத்தான் மட்டும் கதவில் சாய்ந்துகொண்டு, "நம்மட போட் எஞ்சினும் ஒரு சுரத்தில தானே நிக்கிது, அதையே கோவிலுக்குள்ள வைப்பம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. நான் சுவிட்சைப் போட்டு இரண்டு வயரைக் குத்தினேன். ஒசிலேட்டரின் கீழ்ச்சுரம் எழுந்து, சீமெந்துத் தரை வழியே எங்கள் உள்ளங்கால்களுக்குள் ஏறியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு மெதுவாக அதன் மேல் ஒரு வரியைப் பாடிப் பார்த்தாள். இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள்.

"சரி," என்றாள் அக்கா. "நீ அந்த ஒண்ட ஒழுங்காத் தா. மிச்சத்த நாங்க பாடுறம்."

திருநாளன்று விடியற்காலையில், கடற்காற்று உள்ளே வந்துகொண்டிருக்கும்போதே, கோவிலில் வைத்துச் சுருதி சேர்த்தேன். அங்கேதான் நான் கோட்டை விட்டேன். இந்த மெசின்களுக்கு வெப்பம் மாறினால் ஆகாது. என்னுடையது சூடேறினால் சுரமும் மெல்ல மெல்ல மேலே ஏறும். இத்தாலியில் குளிர்காலத்தில் அதைச் சூடாக்கக் காத்திருந்து பழகிய எனக்கு, தகரக் கூரைக்குக் கீழே ஒரு ஊரே நெருக்கி நின்றால் என்ன ஆகும் என்று தோன்றவே இல்லை. திருப்பலியின் முதல் பாட்டு அருமையாகப் போனது. இரண்டாவது பாட்டில் சுரம் ஏறத் தொடங்கியதை என் காது பிடித்துக்கொண்டது. பாடகர் குழுவோ மெசினை முழுதாக நம்பி அதோடு சேர்ந்தே ஏறிக்கொண்டிருந்தது. நான் குமிழைத் துளி இறக்கினேன். நாலைந்து குரல்கள் தடுமாறின. அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், சின்ன வயதில் அந்தப் பார்வைக்கு அடுத்து அடி விழும். கையை எடுத்துவிட்டேன்.

நன்மை, அதாவது நற்கருணை, வாங்குகிற நேரம் வந்தபோது ஆண்கள் ஒவ்வொருவராகக் கழன்று வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் விடவில்லை. கடைசிப் பாட்டில் ஒரு உச்சி இருக்கிறது, சாதாரண நாளிலேயே அது கடினம். இப்போது அது எங்கேயோ போய்விட்டது. அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, கழுத்து நரம்பு தெரிய, அந்த உச்சியைப் போய்ப் பிடித்தாள். பிடித்து அங்கேயே நின்றாள். பின்வரிசையில் ஒரு குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. திருப்பலி முடிந்ததும் சுவாமியார் வெளியே வந்து, "இந்த வருசம் உயிரைக் குடுத்துப் பாடினீங்க" என்றார். அக்கா பெருமையாகத் தலையாட்டினாள். பிறகு என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், "இது ஏறினது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியா?" என்றாள். "தெரிஞ்சா ஏன் அக்கா பாடினீங்க?" என்றேன். "எங்க மட்டும் போகுதெண்டு பாப்பமே எண்டுதான்," என்று சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தாள்.

புறப்படும்போது அந்த ஒசிலேட்டரைக் கைப்பெட்டியோடு அக்காவிடமே விட்டுவிட்டு வந்தேன். அது இப்போது எங்கள் வீட்டு அலுமாரிக்குள், உப்புக் காற்றுக்குப் பயந்து துணி சுற்றி இருக்கிறது; பாட்டுப் பழக்கத்துக்கு மட்டும் வெளியே வரும். இங்கே என் சுவரில் அது இருந்த இடம் ஓட்டையாகக் கிடக்கிறது. வேறு பெட்டி வாங்கி அடைக்க மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டுப் பழக்கம் முடிந்ததும் அக்கா ஒரு குரற்பதிவு அனுப்புவாள். போன கிழமை வந்ததைப் போட்டுக் கேட்டேன். முதலில் அந்தச் சுரம், பின்னால் கடல், அதற்கு மேல் அக்காவின் குரல்: "தம்பி, இண்டைக்கு வெயில். இது கொஞ்சம் மேல நிக்கிது. அங்க எப்பிடி?"

வெளியே குளிர். என் மெசினைப் போட்டு, மிஞ்சியிருக்கும் இன்னொரு ஒசிலேட்டரில் அதே சுரத்தை எடுத்தேன். என்னுடையது துளி கீழே நின்றது. பதிவைத் திரும்பப் போட்டதும் இரண்டும் அறைக்குள் ஒன்றோடொன்று உரசின. அந்தச் சின்ன இடைவெளியில் சத்தம் பொங்கித் தணிந்து, பொங்கித் தணிந்து அசைந்தது. கீழே சிஞ்ஞோரா விளக்குமாற்றுக் கம்பால் தன் கூரையைத் தட்டினார். சூடாகிவிட்டதா என்று கேட்கிறார். குமிழில் என் விரல் இருந்தது. ஒரு மயிரிழை திருப்பினால் இரண்டும் ஒன்றாகிவிடும், அப்பா சொன்னதுபோல ஒரு இடத்தில் நிற்கும்.

நான் திருப்பவில்லை.