கோல்கீப்பரை விட்டுவிட்டு சோஹார் போனவர்கள்

வெள்ளிக்கிழமை, பகல் ஒன்றரை மணி. துபாய் அல் குசைஸில் ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தேன். செருப்பு அடுக்கின் பக்கத்தில் பெல்லோ நின்றுகொண்டிருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், தோளில் பை, கையில் கோல்கீப்பர் கையுறை. முகத்தில் ஈயாடவில்லை. அந்நேரம் அவர் ஓமான் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும்.

"என்ன பாய், இன்னும் போகலையா?"

"ரெண்டு வேனும் போயிடுச்சு. ரெண்டுலயும் நான் இல்ல."

நான் கீழக்கரைக்காரன். அல் குசைஸில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பக்கத்து கேம்ப்பில் இருக்கும் கேமரூன் நாட்டுக் காவலாளிகள் எனக்கு வாடிக்கையாளர்கள். நம் கடற்கரைக் கூனிக் கருவாடு இல்லாமல் அவர்களுக்குச் சூப் இறங்காது. அப்படித் தொடங்கிய பழக்கம், அவர்களுடைய கால்பந்தைப் போய்ப் பார்க்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அன்று ஓமானின் சோஹாரில், கானா நாட்டுத் துறைமுகத் தொழிலாளர் அணியோடு ஆட்டம். கடையை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு, தொழுகை முடிந்ததும் காரில் கிளம்புவதாக இருந்தேன். பெல்லோவை ஏற்றிக்கொண்டேன்.

ஷார்ஜா தாண்டி கல்பா சாலையைப் பிடித்தோம். சோஹாருக்கு இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முதலில் செம்மணல், அங்கங்கே ஒட்டகம், பிறகு ஒரு புல்கூட முளைக்காத மலைகள். மலையைக் குடைந்து போட்ட சாலையில் கார் வழுக்கிக்கொண்டு போகும். வெளிநாட்டுக்காரர்கள் இந்த மலைகளைப் படம் எடுத்து மாய்ந்து போகிறார்கள். எனக்கு எப்போது பார்த்தாலும் இங்கே யாராவது நாலு வேப்பங்கன்றாவது வைத்திருக்கலாமே என்றுதான் தோன்றும்.

பெல்லோ பேசுவது ஹிந்தி, அரபி, ஆங்கிலம் மூன்றும் கலந்த வளைகுடா பாஷை. நான் அதைத் தமிழாக்கித் தருகிறேன்.

"செர்ஜுக்குப் போன் பண்ணேன். டிவைன் வேன்ல நான் இருப்பேன்னு நெனச்சானாம். டிவைனுக்குப் பண்ணேன். அவனும் அதையேதான் சொன்னான், இங்கிலீஷ்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

கேமரூனில் பெரும்பாலோருக்குப் பொதுமொழி பிரெஞ்சு. மேற்கே இரண்டு மாகாணங்களில் ஆங்கிலம். அந்த மேற்கில் பல வருடங்களாகத் துப்பாக்கிச் சண்டை. டிவைனின் ஊர்ப் பள்ளிக்கூடம் அதில்தான் மூடப்பட்டது. பெல்லோ வடக்கு, முஸ்லிம், வீட்டில் பேசுவது மூன்றாவதாக ஒரு மொழி. நாட்டுக்கு நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே ஜனாதிபதி.

"நான் பொறந்தப்ப அவர்தான். என் மகன் பொறந்தப்பவும் அவர்தான்" என்றார் பெல்லோ.

அணிக்கும் அதே கதை. தொடங்கிய நாளிலிருந்து செர்ஜ்தான் கேப்டன். டூட்டி இல்லாத நாளில் மைதானம் தேடுவதும் அவன், ஆட்களைப் பொறுக்குவதும் அவன், திட்டுவதும் பிரெஞ்சில். ஆங்கிலக்காரர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, இந்த வாரம் டிவைன் தலைமையில் தனி வேன் பிடித்துவிட்டார்கள்.

"இன்னைக்கு ஆட்டத்தோட ரெண்டா உடைஞ்சிடும், பாய். அவங்களுக்கு ஆளுக்கு ஒரு டீம் கெடச்சிடும். நான் எங்க போறது? வாரம் பூரா கேட்டுக்குப் பக்கத்துல நிக்கிறேன். இந்த ஒரு சாயந்தரத்துக்காகத்தான் நிக்கிறேன்."

கத்மத் மலாஹா எல்லையில் வெளியேறும் கட்டணம் ஆளுக்கு முப்பத்தைந்து திர்ஹம். நான் கட்டப் போனேன், அவர் விடவில்லை.

எல்லை தாண்டி ஷினாஸில் நிறுத்தி ஆளுக்கு ஒரு கரக் டீ குடித்தோம். இடப்பக்கம் கடல் வருவதும் மறைவதுமாக இருந்தது. நாலரை மணிக்கு சோஹார். துறைமுகப் புகைபோக்கிகள் தெரிகிற இடத்தில், ஒரு கேம்ப்பின் பின்னால் மண் மைதானம். அதன் சாவியும் விளக்கும் முருகேசன் பொறுப்பு. பரமக்குடிப் பக்கத்துக்காரர், கேம்ப்பில் ஃபோர்மேன்.

"வாங்க பாய். உங்காளுக வந்ததுலருந்து பந்தத் தொடல. பேசிக்கிட்டே இருக்காக. கானாக்காரப் பயலுக வெயில்ல காத்துக் கெடக்காக" என்றார்.

உண்மைதான். மைதானத்தின் ஒரு மூலையில் ஒரு வேன், எதிர்மூலையில் இன்னொன்று. செர்ஜின் கையில் பழைய கேப்டன் பட்டை. டிவைன் கையில் புத்தம்புதுப் பட்டை, அல் குசைஸில் வாங்கியது. டாஸுக்கு ஒரு கேப்டன்தான் வரலாம் என்று நடுவர் தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு பந்த வச்சுத் தொடங்கின டீம். நான் விட்டா நிக்குமா இது?" என்றான் செர்ஜ்.

"இதத்தான் எங்க பிரசிடெண்டும் சொல்றார்" என்று பெல்லோ என் காதோரம் முணுமுணுத்தார்.

பெல்லோவைப் பார்த்ததும் இரண்டு பக்கமும் சத்தம் அடங்கியது. டிவைன் ஓடிவந்து, "மன்னிச்சிடு, நீ அவங்களோட இருக்கேன்னு நெனச்சேன்" என்றான். பெல்லோ நேரே கோல் கம்பம் வரை நடந்து, கையுறை இரண்டையும் கோட்டுக்கு வெளியே வைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரெண்டு பட்டையும் எங்கிட்ட வரணும். கேப்டன் யாருன்னு அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாரும் கை தூக்கி முடிவு பண்ணட்டும். திரும்பிப் போறப்ப செர்ஜ் ஆளுங்க டிவைன் வேன்ல ஏறணும், டிவைன் ஆளுங்க செர்ஜ் வேன்ல ஏறணும். இல்லன்னா இந்தக் கோல்ல யாரு வேணா நில்லுங்க. நான் வேடிக்கை பாக்கறேன்."

இவ்வளவு கறாராகப் பேசி நான் அவரைக் கண்டதே இல்லை. செர்ஜ் வானத்தைப் பார்த்தான், மண்ணைப் பார்த்தான், டிவைனைப் பார்த்தான். முதலில் பட்டையைக் கழற்றியவன் அவன்தான். அந்த நிமிடம் எனக்கு அவன் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. டிவைனுடைய பட்டை புதிது, இறுக்கம். இழுத்து இழுத்துக் கழற்ற வேண்டியிருந்தது. இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு, டாஸுக்கு வேறு வழியில்லாமல் பெல்லோவே போனார்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. கானாக்காரர்கள் கடைசியில் அடித்த ஒரு பந்தை பெல்லோ விரல் நுனியால் தட்டிவிட்டார். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கத்தினார்கள், நான் தமிழில் கத்தினேன். முருகேசன் எல்லாருக்கும் கேம்ப் மெஸ்ஸிலிருந்து சோறும் கோழிக்குழம்பும் எடுத்து வைத்தார். காரம் தாங்காமல் செர்ஜ் கண்ணீர் விட, டிவைன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

சாப்பிட்டதும் சொன்ன சொல் தவறாமல் வேன் மாறி ஏறினார்கள். பெல்லோ என் காரில். எல்லைக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது ஒரு வேன் ஓரமாக நின்றது. இறங்கியவர்கள் பாதையோரக் கல்லில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னாச்சு?"

"பாஸ்போர்ட் இல்ல" என்றான் செர்ஜ்.

ஆட்கள் வண்டி மாறினார்கள், பைகள் மாறவில்லை. இவர்களுடைய பாஸ்போர்ட் எல்லாம் அந்த வேனில். அவர்களுடையது எல்லாம் இந்த வேனில். அந்த வேனோ ஷினாஸில் டீ குடிக்க நின்றுவிட்டது. அணியில் பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருந்தவர் பெல்லோ ஒருவர்தான். அவர் நினைத்திருந்தால் அப்போதே போயிருக்கலாம். போகாமல் அவரும் அந்தக் கல்லில் போய் உட்கார்ந்தார்.

காத்திருந்த நேரத்தில் எங்கள் ஊர்ச் சங்கம்தான் நினைவுக்கு வந்தது. இஃப்தார் மேடையில் நடு நாற்காலி யாருக்கு என்ற தகராறில் இரண்டாக உடைந்து, இன்றைக்கு ஒரே தெருவில் இரண்டு இஃப்தார் நடக்கிறது. எங்களை இப்படி ஒரு எல்லையில் நிறுத்திவைக்க ஆள் கிடைக்கவில்லை.

அந்த வேனும் வந்தது. சன்னல் வழியாகப் பைகள் கைமாறின. பிரெஞ்சுக்காரன் பையை ஆங்கிலக்காரன் நீட்ட, பெயரைச் சொல்லிச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். யாரோ ஒருவனுக்கு ஒற்றைச் செருப்பு மட்டும் கிடைக்க, இரண்டு வேன்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு கலைந்த தலையும் மண் அப்பிய கால்களுமாகக் கூட்டமாக உள்ளே போனோம்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி எங்களை ஏற இறங்கப் பார்த்து அரபியில் கேட்டார்.

"இந்தக் கூட்டத்துக்கு முதீர் யாரு?"

தலைவர் யார் என்கிறார். செர்ஜும் டிவைனும் ஒரே நேரத்தில் பெல்லோ பக்கம் கையை நீட்டினார்கள். அவரோ திரும்பித் தன் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்த்தார்.