மச்சான் கடை முன்னால் ஒரு பச்சைப் பாதை

சைக்கிள் ஓட்டினால் இதயத்துக்கு நல்லது என்று மேடையேறிப் பேசியவன் நான். அந்த மேடைக்கு ஸ்கூட்டரில்தான் போனேன். பீளமேட்டில் எங்கள் பகுதிக்காரர்கள் சேர்ந்து, சாலையோரம் சைக்கிளுக்கென்று தனிப் பாதை வேண்டும் என்று ஒரு குழு அமைத்திருந்தார்கள். ஆயுள் முழுக்க மோட்டார் பம்ப் விற்ற வாய், தண்ணீர் இல்லாத கிணற்றுக்கும் பம்ப் விற்கும் என்ற நம்பிக்கையில் என்னைப் பேச்சாளராக்கிவிட்டார்கள்.

"புகை இல்லை, பெட்ரோல் இல்லை, தொப்பை இல்லை!" என்று முழங்கினேன். மூன்றாவதைச் சொன்னபோது சபை மொத்தமும் என் சட்டையின் நடுப் பொத்தானைப் பார்த்தது. பொத்தானும் பாவம், முடிந்தவரை தாக்குப்பிடித்தது.

அந்தப் பேச்சை உண்மையென்று நம்பிய ஒரே ஆள் என் மனைவி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சொன்ன ஒன்றை அவள் நம்பியது அதுவே முதல் தடவை. அந்த அதிர்ச்சியிலிருந்து நான் மீள்வதற்குள் ஆர்.எஸ்.புரம் போய், முன்னால் கூடை வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கி வந்துவிட்டாள். பக்கத்துக் கல்லூரி நூலகத்தில் அவளுக்கு வேலை. பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போன பழக்கம், ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன காலத்தில் வீடு திரும்பும்போது அவள் முகத்தைப் பார்த்து யாரும் நேரம் கேட்கக்கூட அஞ்சுவார்கள். இப்போது தெருமுனையிலிருந்தே பாடிக்கொண்டு வருவாள். கேட்டைத் திறந்ததும் நிறுத்திவிடுவாள். உள்ளே நான் இருப்பது ஞாபகம் வந்துவிடும் போல.

என் நிலைமைதான் மோசம். அவள் கிளம்பியதிலிருந்து, போய்ச் சேர்ந்துவிட்டதாக மெசேஜ் வரும்வரை எனக்கு டிபன் இறங்காது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுவேன். இத்தனை ஆஸ்பத்திரிகள் இருக்கும் பகுதியில் ஆம்புலன்ஸ் சத்தத்துக்கு ஓடுகிறவன் வேறு வேலை எதையும் பார்க்க முடியாது. "ஜாக்கிங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

இதற்கிடையில் பாதையும் வந்தேவிட்டது. சாலையோரம் பச்சைப் பெயின்ட், நடுவில் வெள்ளையில் ஒரு சைக்கிள் படம். எங்கள் குழு அதன்மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. அருமையான பாதை, பேக்கரி வரைக்கும்.

கோயமுத்தூரில் பேக்கரி என்றால் ரொட்டி விற்கும் இடம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது எங்கள் பொதுச்சபை. நிலம் கைமாறுவது, ஜாதகம் பொருந்துவது, லேத் பட்டறைக்கு ஆள் கிடைப்பது எல்லாம் அங்கே டீ கிளாஸோடுதான். சபைக்கு வருகிறவர்கள் வண்டியை எங்கே நிறுத்துவார்கள்? அழகாகப் பச்சை அடித்து வைத்திருக்கிறதே, அங்கேதான். தங்கள் வசதிக்காக யாரோ புண்ணியவான் பார்க்கிங் போட்டுக் கொடுத்திருப்பதாகவே எல்லோரும் நம்பினார்கள். வெள்ளை சைக்கிள் படத்தின்மேல் எந்நேரமும் ஒரு புல்லட் குத்தவைத்திருந்தது.

ஆகவே என் மனைவி தினமும் அந்த இடத்தில் பாதையை விட்டு, பஸ் வரும் சாலைக்குள் இறங்கி ஏற வேண்டியிருந்தது. ஒரு நாள் காலை அப்படி இறங்கியபோது ஒரு பஸ் அவள் கைப்பிடியை உரசிக்கொண்டு போயிற்று. கீழே விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, அதற்குமேல் ஒன்றுமில்லை. வீட்டுக்குத் தள்ளிக்கொண்டே வந்து, சைக்கிளைத் துடைத்து, மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி, பழைய பெட்ஷீட் ஒன்றை எடுத்து அதன்மேல் போர்த்தினாள். எனக்கு அதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

"ஏனுங்க," என்றாள். "அந்தப் பேக்கரிக்காரருகிட்டப் பேசுங்க. வழி கெடச்சா ஓட்டறேன். இல்லீன்னா திங்கக்கெழமையிலிருந்து பஸ்ஸுதான். இத யாருக்காச்சும் குடுத்துப்போடுங்க."

"நான் பேசறேன்!" என்றேன். மேடைப் பேச்சாளன் அல்லவா.

கூட்டத்தைப் பார்த்து நான் எதையும் பேசுவேன். ஒற்றை ஆளைப் பார்த்து 'வண்டியை எடுங்க' என்று சொல்ல வேண்டுமென்றால், காற்று இழுத்துக்கொண்ட பம்ப் மாதிரி சத்தம் மட்டும் வரும், தண்ணீர் வராது. கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன். கண்ணாடியில் இருந்தவனே என்னை மதிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று குழுவின் செயலாளரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், குரல் கனமாக இருக்கும்.

பேக்கரிக்காரர் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார். என்னைவிட மூத்தவர், வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு.

"வாங்கோ, வாங்கோ! உக்காருங்க. என்ன சாப்பிடறீங்க?"

"இல்லீங்க, ஒரு விஷயம் பேசலாமுன்னு..."

"விஷயம் எங்கீங்க ஓடிப்போகுது? டீயக் குடிச்சுட்டே பேசலாமுங்க. நீங்க எந்தூருங்க?"

இங்கேதான் சறுக்கினேன். கொங்கு நாட்டில் சண்டைக்குப் போகிறவன் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், சொந்த ஊரை மட்டும் வாய் திறந்து சொல்லக் கூடாது.

"இப்ப பீளமேடுங்க. பூர்வீகம் உடுமலைப்பேட்டைப் பக்கம்."

"உடுமலைல எங்கீங்க?"

சொன்னேன்.

"அங்க கொப்பரைக் களம் வெச்சிருந்த ஊடு ஒண்ணு..."

"அது எங்க பெரியப்பா ஊடுங்க."

"அட! எங்க அத்தைய அந்த ஊட்லதானுங்க கட்டிக் குடுத்திருக்குது! அப்ப நீங்க நமக்கு மாப்ள முறையாச்சே!" கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "மாஸ்டர், நம்ம மாப்ளைக்கு ஸ்ட்ராங்கா ஒண்ணு! தேங்கா பன்னு சூடா எடுங்க!"

பன் வந்தது. செயலாளருக்கு எக் பப்ஸ் வந்தது. "ஆரம்பிங்க" என்று அவர் என் காதில் கிசுகிசுத்தார், வாயோரம் பப்ஸ் துகளோடு. எப்படி ஆரம்பிப்பது? மச்சானாகிவிட்ட மனிதர், அவர் கடை டீ தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த வீர உரை கடைசியில் இப்படி வெளிவந்தது: "பன்னு ரொம்ப நல்லாருக்குங்க மச்சான்."

காசு வாங்க மறுத்துவிட்டார். பார்சல் வேறு கட்டிக் கொடுத்தார்.

வீட்டில் விசாரணை நடந்தது.

"பேசுனீங்களா?"

"பேசினேன்."

"என்ன சொன்னாரு?"

"அடுத்த மாசம் பேத்திக்குக் காது குத்தாம். வரச் சொன்னாரு."

அவள் பார்சலைப் பிரித்து ஒரு பன்னை எடுத்துக்கொண்டு, போய் சைக்கிள்மேல் இருந்த பெட்ஷீட்டை இன்னும் இழுத்துப் போர்த்தினாள். அதற்குப் பயந்து மறுநாள் தனியாகப் போனேன். நேரடியாகச் சொன்னால்தானே மனக்கசப்பு, ஜாடையாகச் சொல்வோம் என்று கணக்குப் போட்டேன். வாசலைக் கையால் காட்டி, "வண்டி நெறைய நிக்குதுங்களே, மச்சான்" என்றேன், குரலில் முடிந்த அளவு வருத்தத்தைக் கலந்து.

அவர் நெகிழ்ந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆமாங்க மாப்ள. எல்லாம் உங்களாட்டம் நல்லவங்க வாக்குங்க!"

அந்த வாக்கோடு வீடு திரும்பியவனிடம் என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்களுக்கு அவரு மச்சான். செரி, எனக்கு என்ன முறை?"

"உனக்கு அண்ணன் முறை."

"அப்படீங்களா," என்றாள். சனிக்கிழமை சாயங்காலம் நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, "வாங்க, எங்க அண்ணன் கடைக்குப் போலாம்" என்றாள்.

சபை நிரம்பியிருந்த நேரம். நான் உள்ளே போகவில்லை. புல்லட்டுக்குப் பின்னால் நின்று, வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமாங்க... ஸ்டாக் இருக்குதுங்க..." என்று பம்ப் விற்றுக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"அண்ணா, நல்லாருக்கீங்களா? உங்க மாப்ள ஊட்ல இருந்து வந்திருக்கறேன்."

"அட, வா அம்மணி! நீ எதுக்கு நிக்கறே, உக்காரு. டீ..."

"டீ அப்பறம் குடிக்கறனுங்க. தங்கச்சின்னு ஆயிப்போச்சு. இத்தன வருஷமா பொறந்த ஊட்டுச் சீருன்னு உங்க கையால எனக்கு ஒண்ணும் வரலீங்களே?"

டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த கிளாஸோடு எட்டிப் பார்த்தார். அண்ணன் செய்ய வேண்டிய சீரை ஒருத்தி நாலு பேர் நடுவில் வாய்விட்டுக் கேட்டபிறகு இல்லையென்று சொன்னவன், எங்கள் பக்கத்தில் ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், கூடுகிற எந்த விசேஷத்திலும் தலையைக் காட்ட முடியாது. பேக்கரிக்காரருக்கு அது தெரியும். கடையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நான் பம்ப் விற்பதை நிறுத்திவிட்டுப் போனைப் பையில் போட்டேன்.

"கேளு அம்மணி," என்றார், கொஞ்சம் கம்மிய குரலில். "சேலையா, பாத்திரமா?"

"அதெல்லாம் வேண்டாமுங்க. கடை முன்னால இருக்கற பச்சைப் பாதையக் குடுத்துருங்க. நான் சைக்கிள்ல வேலைக்குப் போறேன். இங்க எடமில்லாம ரோட்டுல எறங்கித்தான் அன்னைக்கு விழுந்துபோட்டேன்." முழங்கையைத் திருப்பிக் காட்டினாள்.

"அடக் கண்ணு! அது நீயா?" அவர் எழுந்தேவிட்டார். பிறகு வியாபாரி விழித்துக்கொண்டார். "ஆனா அது ரோடாச்சே அம்மணி. என்னுதில்லையே, நான் எப்படிக் குடுக்கறது?"

"உங்களுது இல்லீன்னா உங்க கடை வண்டியெல்லாம் எப்படீங்ணா நிக்குது?"

யாரோ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். பேக்கரிக்காரரும் தப்பிக்க வழியில்லாமல் சிரித்தார்.

"வண்டிய எங்க நிறுத்தச் சொல்றது அம்மணி?"

"கடைக்குப் பொறகால உங்க எடம் காலியாத்தானுங்களே கெடக்குது?"

"முள்ளுக்காடாட்டக் கெடக்குது."

"சுத்தம் பண்ணிப்போட்டாப் போச்சு. உங்க மாப்ள வந்து பண்ணிக் குடுப்பாருங்க. இதா, வெளியதான் நிக்கறாரு."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் அந்த இடத்தில் முள் வெட்டினேன். செயலாளர் கனமான குரலில் மேற்பார்வை பார்த்தார். மச்சான் மணிக்கொரு தரம் டீ அனுப்பினார். குழுவின் லட்சியத்துக்காக என் உடம்பில் கீறல் விழுந்தது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை காலை அவள் பெட்ஷீட்டை உருவி மடித்து வைத்துவிட்டு சைக்கிளை வெளியே எடுத்தாள். எனக்குப் பதற்றம் தாங்கவில்லை. மச்சான் மறந்திருந்தால்? புல்லட்காரனுக்குச் செய்தி போய்ச் சேராமல் இருந்தால்? அவளுக்கு முன்னால் ஸ்கூட்டரில் பறந்தேன். போய்ப் பார்த்தால் பாதை பளிச்சென்று காலியாக இருந்தது. வண்டிகளெல்லாம் பின்பக்கம். காலியாக இருக்கிற இடத்தைப் பார்த்தால் நம் ஊரில் யார் சும்மா விடுவார்கள், அவள் வருவதற்குள் யாராவது நிறுத்திவிட்டால்? பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மூளை வேலை செய்தது. என் ஸ்கூட்டரைப் பச்சைப் பாதையின் நட்டநடுவில் குறுக்காக நிறுத்தி, இறங்கிக் காவல் நின்றேன்.

மணிச் சத்தம் கேட்டது. அவள்தான்.

ஸ்டார்ட் செய்தேன். ஆகவில்லை. உதைத்தேன். பெட்ரோல் வாசனை மட்டும் வந்தது. மணி இன்னும் கிட்டத்தில் அடித்தது.

"மாப்ள!" மச்சான் கடைக்குள்ளிருந்து பாய்ந்து வந்தார். "தங்கச்சி வருது, வண்டிய எடுங்க!" டீ மாஸ்டர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், பிடித்துத் தூக்கி என்னையும் சேர்த்து ஓரமாக வைத்தார்கள்.

அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. "அண்ணா, வாரேனுங்க!" என்றாள். எனக்கு ஒரு மணி மட்டும் அடித்தாள். பஸ் ஒன்று பக்கத்தில் போயிற்று, அது அதன் வழியில், அவள் அவள் வழியில். கொஞ்ச தூரம் போனதும் பாட்டு ஆரம்பித்தது.

மச்சான் வேட்டியை உதறிக் கட்டினார். "செரி, தங்கச்சி போயிருச்சு. இனி வண்டிகள முன்னால கொண்டாரச் சொல்லலாமுங்களா மாப்ள?"

அதற்குள் மறுபடி மணி அடித்தது. நூலகத்தில் அவளோடு வேலை செய்யும் இரண்டு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் கல்லூரிப் பெண்கள் ஒரு வரிசை, எல்லோரும் சைக்கிளில். பாதை காலியாகும் செய்தியை அவள் முன்கூட்டியே பரப்பியிருக்கிறாள். "அண்ணா, வணக்கமுங்க!" என்றாள் முதலில் வந்தவள். "வணக்கமுங்ணா!" என்றாள் அடுத்தவள். மச்சான் ஒவ்வொருத்திக்கும் கை கூப்பிக்கொண்டே நின்றார். வரிசை முடிகிற வழியாக இல்லை.

"மாப்ள," என்றார், கூப்பிய கையை இறக்காமலே. "எனக்கு மொத்தம் எத்தன தங்கச்சிங்க?"