என் தங்கை எழுதிய பொய்

சுங்கை பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது என் தங்கைக்கும் வேலை போயிற்று. மலாய் நன்றாக எழுதத் தெரிந்தால் போதும், வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதும் வேலை என்று போனில் வந்த விளம்பரத்தை நம்பி எல்லை தாண்டிப் போனாள். பத்து நாள் கழித்து யாருடைய போனிலிருந்தோ பேசினாள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்களாம். சுற்றிலும் முள்கம்பியாம். எந்த நாடு என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. மறுநாளே போலீஸ் பாலாயில் புகார் கொடுத்தேன். ஒரு தாள் கிடைத்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாவது முறை பேசியபோது குரலே மாறியிருந்தது.

"அக்கா, நம்ம நாட்டு ஆளு மாதிரி ஃபேஸ்புக்ல எழுதச் சொல்றாங்க. ஒரு நாளு நம்ம தமிழங்கள திட்டி, மறுநாளு மலாய்க்காரங்கள திட்டி. எழுதலன்னா அடிக்கிறாங்கக்கா."

அவள் எழுதியதில் ஒன்று என் போனுக்கே வந்தது. பீடோங் பசார் மாலாம் இரவுச் சந்தையில் அப்பம் விற்ற மலாய்ப் பெண் ஒரு தமிழச்சியின் முகத்தில் துப்பியதாகக் கதை. மறுபடியும் படித்தேன். அந்தத் தமிழச்சி நான்தான். கூட்டத்தில் அந்தப் பெண் தெரியாமல் என்னை இடித்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டு ஓர் அப்பத்தைக் கூடுதலாகச் சுற்றிக் கொடுத்தாள். அன்று தங்கை என் பக்கத்தில் நின்றிருந்தாள். எழுத வேறு எதுவும் கிடைக்காமல் அதை எடுத்துத் திருப்பியிருக்கிறாள். ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் பகிர்ந்திருந்தார்கள். என் பக்கத்து வீட்டாரும்.

அந்த மாதம்தான் புதுச் சட்டம் பற்றிய பேச்சு எழுந்தது. வெளிநாட்டார் பொய்ச் செய்தியாலும் இணையத்தாலும் நம்மோடு நடத்தும் மறைமுகப் போரை அது தடுக்குமாம். நான் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் கிராணி. என் முதலாளியம்மா அந்தச் சட்ட வரைவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். தங்கையின் கதை அவருக்குத் தெரியும்.

"இது கைக்கு எட்டுறவங்களத்தான் பிடிக்கும் லா. அங்க உக்காந்து எழுத வைக்கிற மொதலாளிக்கு யாரு சம்மன் கொண்டுபோய் குடுப்பா?"

எங்கள் ஊர் சிடாம் கிரியில் அந்தச் சட்டத்துக்கு விளக்கக் கூட்டம் வைத்தார்கள். அலோர் ஸ்டாரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர், எல்லோருக்கும் கைகொடுத்தார். அவர் மலாயில் பேசியதைத் தமிழில் சொல்ல என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் எந்தக் கூட்டத்துக்கும் நான்தான் மொழிபெயர்ப்பேன். வெளிநாட்டாருக்காகப் பொய் பரப்புகிறவருக்குச் சிறை என்றார். சொன்னேன். தெரிந்தும் புகார் செய்யாதவருக்கும் தண்டனை உண்டு என்றார். அதையும் சொன்னேன்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அக்கா ஒருவர், தெரியாமல் ஃபார்வர்ட் செய்தால் தன்னையும் பிடிப்பார்களா என்று கேட்டார். பயப்பட வேண்டாம், நல்லவர்களுக்கு இந்தச் சட்டத்தால் தொல்லை இல்லை என்றார் அதிகாரி. மொழிபெயர்த்து முடித்ததும் நானே மலாயில் கேட்டேன். அடித்து எழுத வைத்தால், எழுதியவர்கள் யார், குற்றவாளியா, பாதிக்கப்பட்டவரா?

அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்றார். பிறகு, அப்படி யாரையாவது எனக்குத் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

மண்டபத்தில் இருந்த பாதிப் பேருக்கு என் தங்கை காணாமல் போனது தெரியும். அப்படியும் தெரியாது என்றேன்.

அடுத்த வாரம் தங்கை பேசினாள். அந்த நாட்டுப் போலீஸ், அவர்களை அடைத்துவைத்திருக்கும் கட்டிடத்துக்குள் நுழையப்போவதாகப் பேச்சாம்.

"வந்தா என்னை விட்டுருவாங்களா அக்கா? இங்க ஒருத்தி சொல்றா, ஊருக்குப் போனா நம்மளத்தான் உள்ள வைப்பாங்களாம்."

சட்டப் பத்திரங்கள் தட்டச்சு செய்து பிழைக்கிறவள் நான். இருந்தும் "நீ வா, நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவள் அழவில்லை. சரி என்றாள்.

சட்டம் வருவதற்குள் போலீசில் நாமே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது, கட்டாயத்தின் பேரில் செய்தாள் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி என்றார் முதலாளியம்மா. பாலாய்க்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பதிவையும் காட்டினேன். இளவயதுப் போலீஸ்காரர் பொறுமையாகக் கேட்டுத் தட்டச்சு செய்தார். அச்சிட்டு நீட்டிய தாளில், சந்தேக நபர் என்ற இடத்தில் தங்கையின் பெயர் இருந்தது. அவள் அங்கே அடைபட்டுக் கிடக்கிறவள், மாற்றுங்கள் என்று கெஞ்சினேன். அந்தப் பதிவை எழுதியவர் யார் என்று கேட்டார்.

அவள்தான் என்றேன்.

கையெழுத்துப் போட்டேன். இப்போது சட்டம் நிறைவேறிவிட்டது. போனைக் கையைவிட்டுக் கீழே வைப்பதே இல்லை நான், குளிக்கும்போதுகூட. தங்கை இன்னும் பேசவில்லை. பேசினால் அந்தத் தாளைப் பற்றி எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.